மூன்றாவது அன்டெனா

எழுபத்தெட்டாம் பாகை வடக்கில்
பனிமேட்டில் நிற்கின்றன ஐந்து அன்டெனாக்கள்.
நான் உப்புவெளியில் இருக்கிறேன்.
நேற்று விழுந்த விண்கற்களின் கணக்கு
காலை ஏழரைக்கு எனக்கு வந்திறங்கும்.

விண்கல் என்பதே பெரிய சொல்.
மணல் அளவு. பலது அதைவிடச் சின்னது.
தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் எரிந்து
ஒரு கோடு விட்டுப் போகும்.
ரேடார் அலை அதில் பட்டுத் திரும்பும்.
கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை,
அதற்குள் கோட்டைக் காற்று தள்ளியிருக்கும்.
எந்தப் பக்கம் தள்ளியது,
எத்தனை விரைவாய்க் கரைந்தது,
எங்களுக்கு அவ்வளவுதான் வேண்டும்.
பலூன் அந்த உயரம் ஏறாது.
செய்மதி அதற்கும் மேலே ஓடும்.
எரிந்து போனதிடம்தான் கேட்க வேண்டும்.

"இண்டைக்கு எத்தினை பட்டது?"
வேலிக்கு அப்பால் மெல்கியோர் வலை உதறுகிறார்.
"பதினாலாயிரத்து இருநூறு."
"எனக்கு ரெண்டு பெட்டி சூடை."
அவருடைய படகிலும் ஒரு பெட்டி இருக்கிறது,
கீழே ஒலி அனுப்பி மீனைக் கேட்பது.
ஒரே சாமான்தான்,
நீ தலைகீழாய்ப் பிடிச்சிருக்கிறாய் என்பார்.

"அங்க என்ன காத்து?"
இதற்குப் பல மாதம் பதில் தெரியவில்லை.
கோப்பில் வெறும் எண்கள், கூட்டல், கழித்தல்.
ஒருநாள் வரைந்து பார்த்தேன்:
வாடை.
மூன்று மணித்தியாலத்தில் கொண்டல்.
பிறகு சோழகம். பிறகு கச்சான்.
மறுபடி வாடை.
எங்களுக்கு ஒரு வருஷம் எடுக்கிற சுற்று
அங்கே அரை நாளில் முடிந்துவிடுகிறது.
மெல்கியோர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்ப எப்பிடித் தொழிலுக்குப் போறது?"

எனக்கு ஏழு வயதில்
துறைமுகத்துக்கு மேல் பரா வெளிச்சம் போடுவார்கள்.
குடை பிடித்து இறங்கும் வெள்ளை நெருப்பு.
கட்டிலுக்கு அடியில் படுத்தபடி
ஜன்னல் கம்பிகளை வைத்து அளப்பேன்,
ஒரு கம்பியைக் கடக்க எத்தனை மூச்சு.
சோழகம் என்றால் எங்கள் பக்கம் வரும்.
வாடை என்றால் மூதூர்ப் பக்கம் போகும்,
தூங்கலாம்.
மூதூரில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள் என்பது
பிறகுதான் புத்தியில் பட்டது.
இந்த வேலைக்கு முன் அனுபவம் கேட்டார்கள்.
நான் இதைச் சொல்லவில்லை.

மாசியில் ஒரு கிழமை
விண்கற்கள் எல்லாம் தென்மேற்கே சாய்ந்தன,
ஒரு பக்கம் கை நழுவிய சுளகுபோல.
வானம் அப்படிச் செய்யாது.
இரண்டு இரவு இருந்து பிரித்துப் பார்த்தேன்,
மின்சாரம் போன நேரம் மெழுகுதிரியில், தாளில்.
எழுதினேன்: மூன்றாவது அன்டெனாவின் கேபிளைப் பாருங்கள்.
பனிப்புயல். பதினொரு நாள் பதிலில்லை.
பிறகு இங்கெபோர்க் படம் அனுப்பினாள்.
தடித்த கையுறைக்குள் கறுப்பு வயர்,
அதில் வரிசையாய்ப் பல்லடையாளம்.
நரி என்று எழுதியிருந்தாள்.
வெள்ளை நரி.

நான் பனி பார்த்ததில்லை.
அந்த நரியை மட்டும் எனக்குத் தெரியும்,
பல்லின் இடைவெளிவரை.
மெல்கியோர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
எலி எண்டாலும் இப்பிடித்தான் அறுக்கும் என்றார்,
வலையில் விழுந்த ஓட்டையைக் காட்டி.

இப்போது ஆனி.
அங்கே சூரியன் மறைவதே இல்லை.
மறையாத அந்த நாட்களில்தான்
மேலே குளிர் உச்சம்,
சைபருக்குக் கீழே நூற்றி நாற்பது.
காரணம் இருக்கிறது:
காற்று மேலேறும், விரியும், விரிந்தால் குளிரும்.
வரைபடத்தோடு எழுதியும் கொடுத்திருக்கிறேன்.
இருந்தும் அந்த எண்ணைத் தட்டுமுன்
வியர்த்த விரலை
விசிறிக்கு நேரே ஒருதரம் பிடித்துக்கொள்கிறேன்.

ஏழரை. கோப்பு இறங்குகிறது.
இரவு முழுக்கக் கச்சான் பலமாய் அடித்தது.
வேலிக்கு அப்பால்
வலை உதறும் சத்தம் இன்னும் இல்லை.